அமிர்தவல்லியின் தண்ணி மீட்டர்

பாறைக்களத்துக்கு வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ தெரியாது. கீழத்தெரு வேப்பமரத்தடியில் பெண்களைக் கூட்டி நிற்க வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருத்தி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தெருவே அதை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அமிர்தவல்லி புதுக்கோட்டையில் கல்லூரி முடித்த கையோடு மலையாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். மலையாண்டி அன்னவாசலில் டிராக்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாடு, வயல், கடைக்குச் சாப்பாடு கட்டுவது என்று வருஷங்கள் ஓடியதில் அமிர்தவல்லியின் பட்டச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. படித்தது மட்டும் எங்கேயும் போகவில்லை.

விற்பனைக்காரர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு டப்பாவை இரண்டிலும் இறக்கி, பக்கத்து வீட்டுப் பிளக்கில் ஒயரைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகி, மேலே சேறு மாதிரி நுரை கட்டியது. ஃபில்டர் தண்ணீர் அப்படியே பளிங்காக நின்றது.

“ஆத்தாடி! இதையா குடிச்சுக்கிட்டு இருக்கோம்?” என்று ஒருத்தி வாயில் கையை வைத்தாள்.

“பாத்துக்கோங்கக்கா. இதெல்லாம் ஒங்க வயித்துக்குள்ள போற அழுக்கு” என்றார் அவர்.

அமிர்தவல்லி வீட்டுக்குள் போய் ஒரு கை உப்போடு வந்தாள். “தம்பி, ஒங்க தண்ணியில இதைக் கொஞ்சம் போட்டுட்டு மறுபடி கம்பியை விடுங்களேன்.”

“அது எதுக்குக்கா?”

“சும்மாதான். விடுங்க.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரால் மறுக்க முடியவில்லை. உப்பைப் போட்டார், கம்பியை இறக்கினார். பளிங்கு போலிருந்த ஃபில்டர் தண்ணீரும் பழுப்பேறிக் கலங்கி நுரைத்தது.

“உப்பே இல்லாத தண்ணியில கரண்ட் ஓடாது. அதான் ஒங்க தண்ணி சும்மா நின்னுச்சு” என்றாள் அமிர்தவல்லி. “கரண்ட் ஓடினா இந்த இரும்புக் கம்பி கரையும். மேல மெதக்குறது தண்ணியோட அழுக்கு இல்லை தம்பி, கம்பியோட துரு.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. இப்படிக் காட்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க, காட்டுறேன்” என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அமிர்தவல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்தாள். வெயிலில் வந்த பிள்ளை.

டீ ஆறுகிற நேரத்தில்தான் அவர் சட்டைப் பையில் இருந்த இன்னொரு சாமானைப் பார்த்தாள். பேனா மாதிரி மூடி போட்டு, உள்ளே இரண்டு சின்ன முள். தண்ணீரில் விட்டால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். டிடிஎஸ் மீட்டர். அவள் கேட்டு வாங்கிக் குடத்துத் தண்ணீரில் விட்டாள். எண்கள் ஓடி, தடுமாறி, இருநூற்று நாற்பதில் நின்றன. கல்லூரி ஆய்வகத்தின் வாசனை ஒரு கணம் மூக்கில் வந்து போயிற்று.

அந்த வாரமே அப்படி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துவிட்டாள்.

“டிராக்டருக்கு ஆயில் அளக்கிற குச்சி மாதிரியில்ல இருக்கு” என்றார் மலையாண்டி. ஆனாலும் அவர்தான் முதல் ஆளாகக் கடையில் குடிக்கிற கேன் தண்ணீரைக் கொண்டுவந்து அளக்கச் சொன்னார்.

கொஞ்ச நாளைக்குத் தெருவில் அதுதான் பேச்சு. ஆளாளுக்கு டம்ளரோடு வந்தார்கள். பாறைக்களத்தில் காவிரித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் குழாயில் வரும். மற்றதற்கெல்லாம் போர்த் தண்ணீர். காவிரி இருநூற்று நாற்பது, இருநூற்று ஐம்பது. போர் ஆயிரத்து முந்நூறுக்கு மேலே. கேன் தண்ணீர் நாற்பதோடு சரி. ஒருத்தி விளையாட்டாக ரசத்தைக் கொண்டுவந்து நீட்ட, “போடீ, மீட்டர் மூர்ச்சை போட்டு விழுந்துடும்” என்று விரட்டினாள்.

ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்தபோது, மாடு குளிப்பாட்டும் குட்டையிலிருந்து ஒருவர் ஒரு செம்பு மொண்டு வந்தார். அளந்தால் நூறுகூட வரவில்லை.

“அப்ப காவிரியைவிட இந்தத் தண்ணிதான் நல்லதா?” என்று அவர் ஒரே போடாகப் போட்டார்.

எல்லாரும் அமிர்தவல்லியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அசரவில்லை. “இது உப்பு எவ்வளவுன்னு சொல்லும். என்ன உப்புன்னு சொல்லாது. கிருமி இருக்கா இல்லையான்னு சுத்தமாச் சொல்லாது. வேணும்னா ஒரு மடக்குக் குடிச்சுப் பாருங்க. அதை ஒங்க வயிறு சொல்லும்” என்றாள். செம்புக்காரர் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தெருவுக்கு அந்த விளையாட்டு அலுத்துப்போயிற்று. அமிர்தவல்லிக்கு அலுக்கவில்லை. தண்ணீர் வருகிற காலைகளில், முதல் குடம் நிறைவதற்குள் ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை விட்டுப் பார்ப்பாள். எண் நிற்கிறவரை பொறுத்திருப்பாள். பார்த்துவிட்டு முள்ளைத் துணியால் துடைத்து மூடி, அடுப்படி ஜன்னலில் வைப்பாள். கோலம் போடுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை. “காலங்காத்தால என்னத்தைத்தான் பாக்குறே?” என்று மலையாண்டி கேட்டால், “ஒண்ணுமில்லைன்னுதான் பாக்குறேன்” என்பாள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. கீழத்தெருக் கடைசியில் இருக்கும் முத்துமாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு காலையில் ஜன்னலோரம் நின்ற அமிர்தவல்லி நெற்றியைச் சுருக்கினாள்.

மீட்டரில் அறுநூற்றுப் பத்து.

துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். அறுநூற்றுப் பத்துதான்.

“பேட்டரி போயிருக்கும்” என்றார் மலையாண்டி, சட்டையை மாட்டிக்கொண்டே.

அவள் போர்த் தண்ணீரில் விட்டாள். வழக்கமான எண். கேன் தண்ணீரில் விட்டாள். அதே நாற்பது. மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் மாறியிருக்கிறது. ஆனால் குடங்களெல்லாம் நிறைந்த பிறகு மறுபடி குழாயில் பிடித்துப் பார்த்தால் முந்நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. அடுத்த முறை தண்ணீர் திறந்தபோதும் அதே கூத்து. திறந்தவுடன் ஏறி நிற்கிறது, போகப் போக இறங்குகிறது.

அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்தாள். “கோடையில்ல, காவிரி பத்தாம போர்த் தண்ணியைக் கலந்து விட்டிருப்பாங்க” என்றார்கள். கீழத்தெருவில் பிள்ளைகள் சிலருக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் வெயிலைத்தான் சொன்னார்கள். “சூடு பிடிச்சிருக்கு. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடுத்தாச் சரியாப் போயிரும்.”

அமிர்தவல்லிக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் திறந்துவிடும் மதுரைவீரனைத் தேடிப் போனாள். மேலத்தெரு முனையில் டேங்க்குக்கு அடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர் இவளைப் பார்த்ததும் அணைத்துப் போட்டார்.

“போர்த் தண்ணி கலந்தீங்களா தம்பி?”

“ஒரு சொட்டுக்கூட இல்லைக்கா. மாரியாத்தா மேல சத்தியம். வேணும்னா நீங்களே பாருங்க.” டேங்க்கின் அடியில் இருந்த குழாயைத் திருப்பி விட்டார். அவள் பிடித்து மீட்டரை விட்டாள். இருநூற்று நாற்பத்தைந்து.

டேங்கில் சரியாக இருக்கிறது. கீழே வீட்டுக்கு வரும்போது கெட்டுப்போகிறது. அப்படியென்றால் நடுவில் எங்கேயோ சேர்கிறது.

அடுத்து தண்ணீர் திறக்கிற காலையில் அமிர்தவல்லி ஒரு எவர்சில்வர் டம்ளரும் மீட்டருமாகத் தெருவில் இறங்கினாள். மதுரைவீரன் வால்வைத் திறந்ததும் மேலத்தெருவில் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். “ஒரு டம்ளர் தண்ணி பிடிச்சுக்கிறேங்க” என்று கேட்பாள், அளப்பாள், கொட்டுவாள், அடுத்த வீடு. கீழே எண் இறங்குவதற்குள் முடிக்க வேண்டுமென்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். மேலத்தெரு முழுக்க இருநூற்று நாற்பதுகளைத் தாண்டவில்லை. தெரு வளைந்து கீழே இறங்குகிற இடம் வரை அப்படித்தான். வளைவைத் தாண்டியதும் ஒரு வீட்டில் பிடித்தாள். எழுநூறு. அதற்குக் கீழே உள்ள வீடுகளில் அறுநூறு, அறுநூற்று ஐம்பது. கோயில் வாசல் குழாயிலும் அறுநூறுக்கு மேல்தான்.

எழுநூறு காட்டிய வீட்டின் முன்னால் அவள் திரும்ப வந்து நின்றாள். அது வேறு யார் வீடும் இல்லை. மலையாண்டியின் அக்கா முத்துமாரியம்மாளின் வீடு.

தாயில்லாத மலையாண்டியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் முத்துமாரியம்மாள். தம்பிக்கு அமிர்தவல்லியைப் பெண் பார்த்துப் பேசி முடித்தவரும் அவர்தான். கட்டை குட்டையான உருவம், கணீரென்ற குரல், தெருவில் யார் வீட்டு நல்லது கெட்டதும் அவரில்லாமல் நடக்காது. கணவர் காலமான வருஷத்திலிருந்து பூச்சொரிதலுக்கு வருகிற சனத்துக்கு நீர்மோர் ஊற்றுவது அவருடைய நேர்த்திக்கடன். பெரிய பெரிய அண்டாக்களில் மோர் கரைப்பார்கள். அதற்குத் தண்ணீர் எடுப்பது கோயில் வாசல் குழாயில்.

வீட்டின் ஓரத்தில், குழாய் போகிற பாதையை ஒட்டி, புதிதாக ஒரு கழிப்பறை எழும்பியிருந்தது. மாசியில் ஜேசிபி வந்து குழி தோண்டி, சிமெண்ட் உறை இறக்கிக் கட்டியது. குழிக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இராது. அங்கே மண் மட்டும் எந்நேரமும் ஈரமாகவே இருந்தது.

அமிர்தவல்லிக்கு நின்ற இடத்திலேயே கணக்குப் பிடிபட்டுவிட்டது. தோண்டும்போது பைப்பு விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் வராத நேரத்தில் பைப்பு காலியாகக் கிடக்கிறது. குழியிலிருந்து கசிகிறது உள்ளே இறங்குகிறது. திறந்துவிட்டதும் புதுத்தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு கீழத்தெருவுக்குள் வருகிறது. ஓடிக் கழுவிய பிறகு எண் இறங்கிவிடுகிறது.

வீட்டுக்குப் போய் மலையாண்டியிடம் சொன்னாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அக்காகிட்ட இதை எப்படிச் சொல்லுவே? உசுரை விட்டுரும்.”

“சொல்லாம எப்படிங்க இருக்கிறது?”

“நான் சொல்லட்டுமா?”

“வேணாம். நீங்க சொன்னா, பொண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தம்பி வந்து நிக்குறான்னு அதுக்கு ஒரு வருத்தம் சேரும். நானே போறேன்.”

முத்துமாரியம்மாள் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு நாளாக அவருக்கும் வயிறு சரியில்லை. மாங்காய் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், அதே சமயம் குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

முத்துமாரியம்மாள் எழுந்து உட்கார்ந்தார். “என்னடி சொல்றே? என் வீட்டுக் கக்கூஸ் தண்ணியை ஊரே குடிக்குதுங்குறியா?”

“பைப்பு விட்டிருக்குன்னு சொல்றேன் மதினி.”

“ஒன் பேனாக்குச்சி சொல்லுச்சாக்கும்?”

“உப்பு ஏறியிருக்குன்னு குச்சி சொல்லுச்சு. எந்த இடத்துல ஏறுதுன்னு நான் நடந்து பாத்தேன். கிருமி கலந்திருக்கா இல்லையான்னு எனக்கும் தெரியாது, குச்சிக்கும் தெரியாது. அதைப் பாக்குறதுக்கு வேற வழி இருக்கு.”

“தெருப்பூரா போய்ச் சொல்லிட்டுத்தான் இங்க வந்தியா?”

“யார்கிட்டயும் சொல்லலை. மொதல்ல ஒங்ககிட்டதான் வந்தேன்.”

முத்துமாரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சாமிக்குன்னு மோர் ஊத்துறவ நான். என் கையால சனத்துக்கு அசிங்கத்தைக் கலந்து குடுப்பேன்னு சொல்ல வந்துட்டா. எந்திரிச்சுப் போடி.”

அமிர்தவல்லி எழுந்தாள். வாசல்படியில் நின்று, “மதினி, தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. அதை மட்டும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தெருவில் நடக்கும்போது கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாளே தவிர நேராக வீட்டுக்குப் போகவில்லை. வளைவுக்குக் கீழே இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கு முதலில் போனாள்.

“பைப்பு எங்கேயோ விட்டிருக்கு போல. மொதத் தண்ணியைத் தரையில விட்ருங்க. அப்பறம் பிடிக்கிறதையும் நல்லாத் தளபுளன்னு கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், பிள்ளைகளுக்கும் அதான்.”

“எங்கன விட்டிருக்கு?”

“பாத்துக்கிட்டு இருக்கோம்.”

யார் வீட்டுக் குழி என்பது அவள் வாயிலிருந்து வரவேயில்லை. அன்று சாயங்காலம் பாறைக்களத்தில் கீழத்தெரு அடுப்புகள் எல்லாவற்றிலும் தண்ணீர் கொதித்தது.

மறுநாள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். கல்லூரியில் கூடப் படித்த ரஞ்சிதா ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. விசாரித்துப் போய் நின்றபோது, வெள்ளைக் கோட்டோடு வந்த ரஞ்சிதா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஏய், அமிர்தம்!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயத்தைச் சொல்லச் சொல்ல ரஞ்சிதாவின் சிரிப்பு நின்றது. “வீடு வீடா அளந்துக்கிட்டே போனியா? நீயா?”

“வேற யாரு போவா?”

ரஞ்சிதா இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து வந்தாள். உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருந்தது. “கோடு வரைக்கும் தண்ணி பிடி. கை படாமப் பிடி. வெதுவெதுப்பான இடத்துல வை. மலம் கலந்த தண்ணின்னா ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள்ல கறுத்துப்போகும்” என்றாள். பிறகு தயங்கி, “நீ மேல படிச்சிருக்கணும்டி” என்றாள்.

“இப்ப அதுக்கு என்ன. படிச்ச அளவுக்கே வேலை கெடக்கு” என்று சொல்லிவிட்டு அமிர்தவல்லி குப்பிகளை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

தண்ணீர் திறந்த காலையில் ஒரு குப்பியை டேங்க் அடியிலும் இன்னொன்றைக் கோயில் வாசலிலும் பிடித்தாள். இரண்டிலும் அடையாளம் எழுதி ஒட்டி, அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தாள். மலையாண்டி கடையிலிருந்து போன் போட்டுப் போட்டுக் கேட்டார். “கறுத்துச்சா?” “இன்னும் இல்லைங்க.” அது கறுக்கக் கூடாது என்றுதான் அவளும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். தான் நினைத்தது தப்பாகப் போனால்கூட நல்லதுதான் என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் மதியம் துணியைப் பிரித்தாள். டேங்க் தண்ணீர் பிடித்தபடியே இருந்தது. கோயில் குழாய்க் குப்பி, அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றினதுபோல் கறுத்திருந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு முத்துமாரியம்மாள் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து நீர்மோருக்குப் போட இஞ்சியைக் கழுவி உலர்த்திக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி குப்பிகளை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

முத்துமாரியம்மாள் இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“வெள்ளையா இருக்கிறது எது?”

“டேங்க் தண்ணி.”

“கறுத்தது?”

“கோயில் வாசக் குழா மதினி.”

“நான் மோருக்கு எடுக்கிற குழாயா?”

“ஆமா.”

முத்துமாரியம்மாள் இஞ்சித் தட்டை நகர்த்தி வைத்தார். போனை எடுத்துக் கழிப்பறை கட்டின கொத்தனாரைக் கூப்பிட்டார். “உண்மையைச் சொல்லு. குழி வெட்டுனப்ப பைப்புல பட்டுச்சா இல்லையா?” அந்தப் பக்கத்தில் இழுத்து இழுத்துப் பேசியது அமிர்தவல்லிக்கும் கேட்டது. ஜேசிபி பல் பட்டதாம். சின்ன வெடிப்புதானாம். சைக்கிள் ட்யூப்பைக் கிழித்து இறுக்கிச் சுற்றி மண்ணைத் தள்ளிவிட்டார்களாம். “ஒங்ககிட்ட சொன்னா வைவீங்கன்னு...” என்று அவர் முடிப்பதற்குள் முத்துமாரியம்மாள் போனைத் திண்ணையில் எறிந்தார்.

அதன் பிறகு அவர் செய்ததை அமிர்தவல்லிகூட எதிர்பார்க்கவில்லை. சேலையை உதறிச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள், போர்த் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற பெண்கள், எல்லாரும் கேட்கும்படி அந்தக் கணீர்க் குரலில் சொன்னார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. என் வீட்டுக் குழிதான் குடிதண்ணிப் பைப்புல எறங்குது. எனக்குத் தெரியாம நடந்தது, ஆனா என் வீட்டுல நடந்தது. இன்னைக்கே தோண்டிச் சரிபண்ணுறேன். அதுவரைக்கும் யாரும் இந்தக் குழாயைத் தொடாதீங்க.”

யாரோ முணுமுணுத்தார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போன ஒருத்தி இரண்டு வார்த்தை சுடச்சுடக் கேட்கவும் செய்தாள். முத்துமாரியம்மாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அமிர்தவல்லி போய் அவர் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டாள்.

மதுரைவீரன் வால்வை இறுக்கி, வேலை முடியும்வரை திறப்பதில்லை என்றார். மலையாண்டி கடையைப் பூட்டிவிட்டு ஆட்களோடு வந்தார். தோண்டத் தோண்ட மண் கறுப்பாக வந்தது, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பைப்பில் ட்யூப் சுற்றியிருந்த இடம் ஊறி இளகித் தொங்கியது. கெட்ட துண்டை வெட்டி எறிந்து புதுப் பைப்பு பொருத்தினார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு, கீழத்தெருக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து நெடுநேரம் ஓட வைத்தார்கள். குழியையும் முத்துமாரியம்மாள் விடவில்லை. மண்ணைப் போட்டு மூடச் சொல்லி, வீட்டின் பின்பக்கம் பைப்புக்கு எட்டாத தூரத்தில் வேறு குழி எடுக்க வைத்தார். இந்தத் தடவை உறை இறங்கி முடிகிறவரை தானே மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

பூச்சொரிதலுக்கு முன் ரஞ்சிதாவிடமிருந்து இன்னும் குப்பிகள் வந்தன. கோயில் குழாயில் பிடித்தது இந்த முறை கறுக்கவில்லை. மீட்டரும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நீர்மோருக்கு எடுத்த தண்ணீர் ஒவ்வொரு அண்டாவையும் முந்தின நாளே விறகடுப்பில் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணி கட்டி ஆறவைத்தார்கள். அன்றைக்குப் பகலெல்லாம் புகையில் நின்று விறகு தள்ளியது அமிர்தவல்லியும் முத்துமாரியம்மாளும்தான். பூக்கூடை சுமந்து வந்த சனம் பெரிய பெரிய டம்ளர்களில் வாங்கிக் குடித்து, இஞ்சி வாசனையைப் புகழ்ந்துவிட்டுப் போனது. பிள்ளைகள் எல்லாம் தெளிந்து பந்தலுக்குள் ஓடித் திரிந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முத்துமாரியம்மாளின் மனசில் முள் உடனே எடுபட்டுவிடவில்லை. மோர் ஊற்றும்போது பேசினாரே தவிர, அதற்கப்புறம் சில வாரங்கள் தம்பி வீட்டுப் பக்கம் வரவில்லை. அமிர்தவல்லி வழக்கம்போல் மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள், மாட்டுக்குத் தவிடு வாங்கினால் அவருக்கும் சேர்த்து வாங்கினாள், கழிப்பறை பற்றி மறந்தும் எடுக்கவில்லை. ஒரு நாள் முத்துமாரியம்மாளே வந்தார். அடுப்படியில் வந்து நின்று, “அன்னைக்கு ஒன்னைய எந்திரிச்சுப் போடின்னு சொன்னேன்ல” என்றார்.

“சொன்னீங்க.”

“நீ போய்த் தெருவுல சொல்லியிருந்தா, என் பேரு நாறியிருக்கும். என் வாயால சொல்ல விட்டே பாரு.” சொன்ன வேகத்தில் அடுப்புப் பக்கம் திரும்பினார். “என்னடி கொழம்பு, புளி தூக்கலா இருக்கு” என்று பேச்சை மாற்றிக்கொண்டு கரண்டியை எடுத்துக் கிளற ஆரம்பித்துவிட்டார்.

பஞ்சாயத்தில் தண்ணீர்க் குழு என்று ஒன்று பெயருக்கு இருந்தது. அடுத்த கூட்டத்தில் அமிர்தவல்லியை அதில் சேர்த்தார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. பைப்பு எந்த வழியாகப் போகிறது என்று மதுரைவீரனை நடக்கவிட்டு, போகிற வழியெல்லாம் சுவரில் பெயிண்டால் அம்புக்குறி போட வைத்தாள். பாறைக்களத்தில் இப்போது குழி வெட்ட ஜேசிபி வந்தால் முதலில் அந்த அம்பைப் பார்த்துவிட்டுத்தான் பல்லை இறக்குகிறது. மேலத்தெருவில் இரண்டு பேரும் கீழத்தெருவில் ஒருத்தியும் மீட்டர் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டால், “இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?” என்றுதான் அமிர்தவல்லி முதலில் கேட்பாள்.

இந்த வைகாசியில் நார்த்தாமலைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பெண்கள் சிலர் ஆளனுப்பியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறது, மீட்டரில் எண்ணும் குறைவாகத்தான் காட்டுகிறது, ஆனால் பிள்ளைகளுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். மலையாண்டி பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். “ஒங்க கடை என்னாகுறது? நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டாள் அமிர்தவல்லி. கைப்பையில் மீட்டரை வைத்தாள். ரஞ்சிதா கொடுத்த குப்பிகளைத் துணியில் சுற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தாள். பஸ் ஏறும் இடத்தில், தூக்குச்சட்டியில் எலுமிச்சைச் சாதத்தோடு முத்துமாரியம்மாள் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.

“நானும் வாரேன்” என்றார். “அங்கிட்டு எவளாவது ஒன்னைய எந்திரிச்சுப் போடின்னு சொன்னா, பதில் சொல்ல ஆள் வேணாமா?”

பஸ் வந்தது. இருவரும் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.